பாலுக்கு முன்னால் வரும் அழுகை

ஷாரன் அக்காவின் வலது மணிக்கட்டு உடையாமல் இருந்திருந்தால், மாடி வீட்டில் குடியிருக்கும் நர்ஸ் என்பதற்கு மேல் அவரை நான் அறிந்திருக்க மாட்டேன். பல வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு மைசூருக்குத் திரும்பியிருந்தேன். பையைப் பிரிக்கவும் மனமில்லை, மறுபடி கட்டவும் தெம்பில்லை. அப்போதுதான் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, முழங்கை வரை மாவுக்கட்டோடு வந்தார். கை சரியாகும் வரை வார்டு வேலைக்கு வர வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போன தாய்மார்களைத் தேடிப் போய்ப் பார்க்கிற வேலையும் அவருடையதுதான். அதை விட அவர் தயாராக இல்லை. ஸ்கூட்டர் ஓட்ட ஓர் ஆள் வேண்டும்.

"ஆஷ்லி, நீ சும்மாதானே இருக்கே?" என்று மாடிப்படியில் நின்று கேட்டார்.

"சும்மா இல்லக்கா. யோசிச்சிட்டிருக்கேன்."

"அத ஸ்கூட்டர்ல உக்காந்து யோசி. வா, போலாம்."

கீழே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவருடைய கணவர் ஜோ தலையை நிமிர்த்தினார். ஹெப்பாளில் ஒரு ஐ.டி. கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவர். "ஜாக்கிரதைம்மா ஆஷ்லி. இவ ஊருக்கெல்லாம் பால் வர வெச்சிட்டு வருவா. நம்ம வீட்லதான் காபிக்குப் பால் இருக்காது."

"கடை தெருமுனைலதான் இருக்கு. பஸ் ஓட்டுற காலுக்கு நடக்கத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே அக்கா என் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

ஷாரன் அக்கா மைசூரிலேயே பிறந்தவர். அவருடைய அப்பா மைக்கேல் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். அம்மா பள்ளிக்கூட டீச்சர். குடும்பம் தமிழ்நாட்டில் எந்த ஊரிலிருந்து வந்தது என்று இப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. கன்னடம்தான் அவருக்குச் சரளம். தமிழை வீட்டிலும் கோயில் பூசையிலும் கற்றுக்கொண்டார். நர்சிங் முடித்த நாளிலிருந்து பிரசவ வார்டுதான். கூடப் படித்தவர்கள் வளைகுடாவுக்கும் அயர்லாந்துக்கும் போய்விட்டார்கள். நீங்கள் ஏன் போகவில்லை என்று ஒரு சிக்னலில் நின்றபோது கேட்டேன்.

"பாஸ்போர்ட் எடுத்தேன். அப்புறம் எம் பொண்ணு நிம்மி பொறந்தா. அப்புறம் பாஸ்போர்ட் செத்துப்போச்சு. பச்சை விழுந்துடுச்சு, ஓட்டு."

எங்கேயாவது போய்க்கொண்டே இருந்தால்தான் மனிதர்களைப் பார்க்க முடியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரே ஊரின் ஒரே மாதிரி அறைகளுக்குள் போய்வந்தார். அந்த அறைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்ரஹாரத்துப் பழைய தெருக்களானாலும் ஹெப்பாளின் புது மாடி வீடுகளானாலும், பிள்ளை பெற்றவளின் அறை ஒன்றுபோலத்தான் இருக்கும். ஜன்னல் சாத்தியிருக்கும். சாம்பிராணியும் பூண்டும் சேர்ந்து மணக்கும். தலைக்கும் காதுக்கும் துணி கட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, தோளோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு அவள் பால் கொடுப்பாள். மாமியாரோ நாத்தனாரோ பக்கத்து வீட்டுக்காரியோ யாராவது கூடவே நிற்பார்கள்.

அந்தப் போர்வையை விலக்கச் சொல்லி அக்கா கேட்டு நான் பார்த்ததில்லை. கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அங்கிருந்து பார்த்தால் தாயின் முகம் தெரியாது, குழந்தையும் தெரியாது. தெரிவது இரண்டு பாதங்கள் மட்டும். கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வலிக்குது, இல்லவா? வாயிலேர்ந்து எடுத்துட்டுத் திரும்பக் குடு. குழந்த மொகவாய் உன் நெஞ்சுல முட்டணும்" என்பார். போர்வைக்குள் ஏதோ அசையும். மடங்கியிருந்த கால்விரல்கள் விரியும்.

"மூஞ்சி பொய் சொல்லும் ஆஷ்லி," என்று வெளியே வந்ததும் சொன்னார். "மாமியார் இருந்தா சிரிக்கும், புருஷன் வந்தா சிரிக்கும். கால்விரலுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது."

இப்படித்தான் வினிதாவின் வீட்டுக்கும் போனோம். ஹெப்பாள் தொழிற்பேட்டையை ஒட்டிய சந்து ஒன்றில் வாடகை வீடு. கணவன் கவின்ராஜ் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இருவருக்கும் சொந்த ஊர் ஹனூர்ப் பக்கம். முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஆனால் வினிதாவுக்கு அம்மா இல்லை. அதனால் மாமியார் கமலம்மாள் ஊரிலிருந்து கேழ்வரகும் பூண்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, தானே தாயாக நின்று பத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் முதல் தடவை போனபோதே வினிதா அழுதுகொண்டிருந்தாள். ஆண் குழந்தை, நல்ல எடை, பாலுக்கும் குறைவில்லை.

"பொறந்ததுலேர்ந்து இப்படித்தானுங்க சிஸ்டர் அழுவறா," என்றார் கமலம்மாள். "திட்டியும் சுத்திப் போட்டேன். மொளகா வெடிக்கவே இல்லீங்க."

ஷாரன் அக்கா வினிதாவின் தோளைத் தொட்டார். "மொதல் கொஞ்ச நாள் பல பேருக்கு அழுகை வரும்மா. ஒடம்புக்குள்ள எல்லாம் மாறுது, அதான். குழந்தைய நல்லா அணைச்சு வெச்சுக்கோ." பிறகு கமலம்மாளிடம் திரும்பி, "நல்லா சாப்பிடக் குடுங்க. பால் நல்லா இறங்கினா மனசும் தானா சரியாயிடும்" என்றார்.

கமலம்மாள் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டார். அடுத்த முறை போனபோது அந்தச் சமையலறையே வேறாகியிருந்தது. சப்பசிகை என்று அங்கே சொல்லும் சதகுப்பைக் கீரை கட்டுக் கட்டாகக் கிடந்தது. பூண்டு நெய்யில் வதங்கிக்கொண்டிருந்தது. வெந்தயக் களி ஒரு பக்கம், கேழ்வரகுக் கஞ்சி ஒரு பக்கம். பால் ஊற வேண்டும் என்று அந்த ஊரில் எதையெல்லாம் கொடுப்பார்களோ அதையெல்லாம் வேளை தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தார். பாலும் அப்படித்தான் ஊறியது. வினிதாவின் ரவிக்கையில் மடித்து வைத்த துணி நனைந்துகொண்டே இருந்தது. ஆனால் அழுகை முன்பைவிட அதிகமாகிவிட்டது.

குழந்தை கமலம்மாளின் மடியில் இருந்தது. வினிதா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஷாரன் அக்கா ஸ்டூலைக் கால்மாட்டில் போட்டார்.

"சொல்லும்மா."

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க." சுவரை நகத்தால் கீறினாள். "எனக்கு இவன் மேல பாசமில்லீங்க சிஸ்டர். ஞாயித்துக்கெழம எங்க அண்ணி வாறாங்க, வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க. நாந்தான் கேட்டேன்."

அண்ணி என்றது கவின்ராஜின் அக்கா மகேஸ்வரியை. ஹனூரில் இருக்கிறார், கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை. குழந்தையைக் கொஞ்ச மாதம் அவர் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கட்டும், வினிதா தேறட்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். கொஞ்ச மாதம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் கமலம்மாள் அதைச் சொன்னபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எங் குடும்பத்துல இப்புடி ஒருத்தியும் இருந்ததில்லீங்க," என்றார் அவர். "பெத்தவளே கொழந்தயக் கண்டு நடுங்கினா என்ன பண்றது? பால் குடிக்கற பையன், அவனுக்குத் தெரியாதுங்களா?"

ஷாரன் அக்கா மாவுக்கட்டுக்குள் அரிக்கிற இடத்தை ஒரு பேனாவால் நெருடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கமலம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். அங்கே கீரை தாளிக்கிற சத்தம் கேட்டது. பிறகு குழந்தை பசியெடுத்து வீறிட்டது.

அப்போதுதான் அது நடந்தது. நடந்ததை நானும் பார்த்தேன். ஆனால் பார்த்தேன் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குழந்தை இன்னும் சமையலறையில்தான் இருந்தது. வினிதாவை யாரும் தொடவில்லை. அவளுடைய கால்விரல்கள் மெதுவாக உள்ளே மடங்கின, பாதம் முழுக்கச் சுருண்டது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சுத் துணி நனைந்து பரவியது. குழந்தையைக் கொண்டுவந்து நெஞ்சில் போட்டபோது அவள் கன்னத்தில் கண்ணீர் ஏற்கெனவே இறங்கியிருந்தது. ஒன்றிரண்டு நிமிடம் போயிருக்கும். குழந்தை ஒரே சீராகக் குடிக்கத் தொடங்கிய பிறகு, விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

ஷாரன் அக்கா ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தார்.

"வினிதா, இப்ப எப்படி இருக்கு?"

"இப்பப் பரவாயில்லீங்க."

"சித்த முன்னாடி?"

அவள் யோசித்தாள். "எப்புடிச் சொல்றதுங்க... யாராச்சும் செத்துப்போன சேதி வாறதுக்கு முன்னாடி, வயித்துல ஒரு ஓட்டை விழுமல்லோ, அது மாதிரி. ஒண்ணுமே வேண்டாம்னு இருக்குமுங்க. எம் புருஷன், வீடு, இவன், எதுவுமே. அப்புறம் போயிரும். போனாலும் திரும்ப வருமேன்னு பயந்துக்கிட்டே இருப்பேன்."

"உன்னையே ஏதாவது பண்ணிக்கணும், இல்ல இவன ஏதாவது பண்ணிடணும்னு தோணுதா?"

"ஐயோ இல்லீங்க."

"தோணினாலும் எங்கிட்ட சொல்லலாம். திட்டமாட்டேன்."

"நெசமா இல்லீங்க சிஸ்டர்."

"அவன் தூங்குறப்போ? பால் குடிக்காம சும்மா படுத்திருக்கறப்போ?"

"அப்பப் பாத்துக்கிட்டே இருப்பேனுங்க. காது எங்கப்பா காதுங்க இவனுக்கு. மடல் வெளிய நீட்டிட்டு இருக்கும்." சொல்லும்போதே அவள் சிரித்துவிட்டாள். தான் சிரித்ததை அவள் கவனிக்கவில்லை.

வெளியே வந்ததும் அக்கா ஸ்கூட்டரில் ஏறவில்லை. "வாய் வெச்சப்புறம் விரல் மடங்கினா அது வலி," என்றார். "இவளுக்குக் குழந்த வர்றதுக்கு முன்னாடியே மடங்குது. அழுகை முன்னாடி வருது, பால் பின்னாடி வருது. நான் பாசம், மனசுன்னு பேசிட்டு நல்லா சாப்பிடக் குடுங்கன்னு வேற சொல்லிட்டுப் போயிட்டேன். பால் இறங்குறப்பல்லாம் இது வருதுன்னா, எத்தன தடவ இறங்க வெச்சிருக்கேன் பாரு அந்தப் பொண்ணுக்கு."

"இது என்னக்கா?"

"தெரியாது. ஆஸ்பத்திரிக்கு ஓட்டு. மாதேவி டாக்டர் மத்தியானம் வருவாங்க."

மாதேவி மனநல மருத்துவர். வெளிநோயாளிகளைப் பார்த்து முடித்துத் தயிர்சாத டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அக்கா சொன்னதைக் கன்னடத்தில் குறுக்கே கேள்வி கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார். குழந்தை குடிக்காதபோது எப்படி இருக்கிறாள், தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி. எல்லாம் கேட்டு முடித்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். இப்படி ஒன்று இருக்கிறது, நானே ஒரே ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன் என்றார். அதிகம் ஆராய்ச்சி நடக்காத விஷயம். பல பெண்கள் வெளியில் சொல்வதே இல்லை. பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது வெறுப்பாக இருக்கிறது என்று யார் போய் யாரிடம் சொல்வார்கள்?

பிறகு அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பால் ஊறுவதற்குப் புரோலாக்டின் என்ற ஹார்மோன் வேண்டும். மற்ற நேரங்களில் மூளையிலுள்ள டோபமின் அதை அடக்கி வைத்திருக்கிறது. டோபமின்தான் நமக்கு ஒன்றின் மேல் நாட்டத்தைக் கொடுப்பதும்: ஒரு முகத்தைப் பார்க்க வேண்டும், ஒரு வாய் சாப்பிட வேண்டும், நாளைக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதோடு சம்பந்தப்பட்டது. குழந்தையின் அழுகை காதில் விழுந்ததும் மூளை ஆக்ஸிடோசினை விடுகிறது. அது ஒரு பெப்டைடு, புரதத்தின் சின்னத் துண்டு. ஒன்பது அமினோ அமிலங்களைக் கோத்த குட்டி மாலை. அதுதான் பாலை இறக்குகிறது. அதே வேளையில் புரோலாக்டின் ஏறுவதற்காக டோபமின் சற்றே கீழே இறங்க வேண்டும். பெரும்பாலான பெண்களுக்கு இது தெரிவதே இல்லை. சிலருக்கு அது தடாலென்று அதலபாதாளத்துக்கு இறங்கிவிடுகிறது போலிருக்கிறது. இறங்கி, உடனே ஏறியும் விடுகிறது.

"போலிருக்கு, அவ்வளவுதான்," என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். "இன்னும் நிரூபிக்கல. ஆக்ஸிடோசினே சில பேர் மூளைல பயத்தக் கிளப்புதுன்னும் சொல்றாங்க. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வும் கூடவே இருக்கலாம். நான் அவளப் பாக்கணும். சனிக்கிழம கூட்டிட்டு வா."

ஷாரன் அக்கா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "மேடம், இத்தன வருஷம் ஆக்ஸிடோசின டிரிப்ல போட்டிருக்கேன். வலி எடுக்க வைக்கும், ரத்தம் நிக்க வைக்கும். இது தலைக்குள்ளயும் வேல செய்யும்னு நெனச்சுப் பாத்ததே இல்ல."

"நீ டிரிப்ல போடுறது தலைக்குள்ள அவ்வளவா போகாது ஷாரன். மூளை தானே செஞ்சு, தானே விட்டுக்குது."

"அப்ப அவ தப்பு இல்ல."

"யார் தப்பும் இல்ல."

அக்காவுக்கு அது போதவில்லை. யார் தப்பும் இல்லை என்பதை ஹெப்பாளில் அந்த வீட்டுக்குள் எப்படிச் சொல்வது என்று வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். பின்னாலிருந்து அவர் பேசியதில் பாதி காற்றில் போனது. "டோபமின்னு சொன்னா மருந்துன்னு நெனச்சுக்குவாங்க... பேய் இல்லன்னு மொதல்ல சொல்லணும்... கமலம்மாவ நோகடிக்கக் கூடாது..."

மறுநாள் கவின்ராஜ் ஷிப்ட் முடிந்து வரும் நேரமாகப் பார்த்துப் போனோம். அக்கா எல்லோரையும் கட்டிலைச் சுற்றி உட்கார வைத்தார்.

"தம்பி, உங்க ஃபேக்டரில ஷிப்ட் விடறப்ப கேட்டைத் தொறக்கறாங்க இல்லவா?"

"ஆமாங்க."

"மத்த நேரம் வாட்ச்மேன் அத மூடி வெச்சிருக்கான். பஸ் வெளிய போகணும்னா அவன் கைய எடுத்துத்தான் ஆகணும். தலைக்குள்ளயும் அப்படி ஒரு வாட்ச்மேன் இருக்கான். பால் வர்றதுக்காக அவன் ஒரு நிமிஷம் நகர்ந்துக்கறான். ஆனா நமக்குத் தெம்பு குடுக்கறதும் அதே ஆளுதான். மத்தவங்களுக்கு ஒரு அடி நகர்றான், வினிதாவுக்கு எடத்த விட்டே போயிடறான். அந்த நேரத்துல அவளுக்கு எதுவுமே வேண்டாம்னு தோணும். திரும்ப வந்துடறான், சரியாயிடுது. பாசத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

கவின்ராஜ் மெதுவாகத் தலையாட்டினான். கமலம்மாள் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப, பால் வாறப்பெல்லாம் இது வருதுங்களா?"

"ஆமா."

"நான் கீரையும் பூண்டும் ஆக்கி ஆக்கிப் போட்டனே. அதனாலதான் இவ அழுவறாளா?" அவருடைய குரல் இறங்கிவிட்டது. "எம் மகளுக்குச் செய்யற மாதிரி செஞ்சனுங்க."

ஷாரன் அக்கா கட்டுப் போட்ட கையைக் கமலம்மாளின் முழங்கால் மேல் வைத்தார்.

"நல்லா போடுங்கன்னு நான்தானே சொன்னேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்ணோம். உங்க சாப்பாட்டால இது வரல, அது எப்படியும் வந்திருக்கும். குழந்தைக்கு இருக்கற பாலே போதும், கொஞ்சம் கொறைச்சுக்கலாம், அவ்வளவுதான். களிய நிறுத்திடாதீங்க. எனக்கே வாசனை இழுக்குது."

கமலம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சாப்புட்டுப் போறதானே? கேக்கணுமா?"

வினிதா மட்டும் அசையவில்லை. "என்னன்னு தெரிஞ்சுட்டா நிக்குமுங்களா சிஸ்டர்?"

"நிக்காது."

"மருந்து?"

"இருக்கான்னு டாக்டர்தான் சொல்லணும். சில பேருக்குக் கொஞ்ச மாசத்துல தானா கொறையுது. சில பேருக்குப் பால் நிறுத்துற வரைக்கும் இருக்குது."

"அப்ப என்னங்க மாறிப்போச்சு?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஏதாவது ஆறுதலாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"வந்துட்டுப் போயிடும்னு உனக்குத் தெரியும். அவ்வளவுதான் மாறியிருக்கு," என்றார் அக்கா.

சனிக்கிழமை மாதேவி டாக்டர் வினிதாவை வெகு நேரம் தனியாகப் பார்த்தார். மனச்சோர்வு இல்லை, பால் இறங்கும்போது வருகிற அதுதான் என்றார். இப்போதைக்கு மருந்து வேண்டாம், மாதம் ஒரு தடவை வந்து காட்டு என்றார். பால் கொடுக்க முடியவில்லை என்றால் நிறுத்தலாம், புட்டிப்பாலில் வளர்ந்த பிள்ளைகளும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். ஷாரன் அக்கா அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தாய்ப்பாலைத் தவிர வேறு பேச்சே இல்லாதவர் என்று ஜோ கேலி செய்யும் அதே அக்காதான். "நீ நிறுத்தினாலும் நான் வந்து பாப்பேன்," என்று மட்டும் வினிதாவிடம் சொன்னார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை யாரும் நிறுத்தவில்லை. வினிதா போகட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அன்று பூசை முடிந்ததும் நேராகப் போனோம். சந்துக்குள் ஒரு கார் நின்றிருந்தது. மகேஸ்வரி வந்துவிட்டிருந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். குழந்தையை ஒரு பூந்துவாலையில் சுற்றி, வாங்கி வந்த குல்லாவை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குல்லா பெரியது, கண்ணை மறைத்தது. அவர் அதைத் தூக்கி விட்டுக்கொண்டே இருந்தார். தூக்குகிறபோதெல்லாம் குழந்தையிடம் ஏதோ முணுமுணுத்தார்.

கவின்ராஜ் எங்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "சிஸ்டர், நீங்க சொன்னா கேப்பா. போகட்டுமா, இருக்கட்டுமான்னு நீங்களே சொல்லிருங்க."

"நான் சொல்லமாட்டேன் தம்பி."

"உங்களுக்குத்தானுங்களே தெரியும்."

"அவளுக்கு என்ன ஆகுதுன்னு தெரியும். அது அவளால ஆகுமா ஆகாதான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவ சொல்லணும்." உள்ளே போய் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, ஒரு மூலையில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

மகேஸ்வரி எழுந்தார். கமலம்மாள் பால் மாவு டப்பாவையும் வெந்நீர் ஃபிளாஸ்க்கையும் பையில் வைத்துக் கொடுத்தார். வினிதா கட்டிலில், இந்தத் தடவை சுவரைப் பார்க்காமல், எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மகேஸ்வரி குழந்தையைத் தோளில் சாய்த்து வாசலை நோக்கித் திரும்பினார். வெளிச்சம் முகத்தில் பட்டதும் குழந்தை அழத் தொடங்கியது.

வினிதாவின் கை கட்டில் விளிம்பை இறுகப் பிடித்தது.

"வருது," என்றாள்.

யாருக்கும் உடனே புரியவில்லை. "என்ன கண்ணு?" என்றார் கமலம்மாள்.

"அது வருதுங்க அத்த. சித்த நேரம் யாரும் ஒண்ணும் பேசாதீங்க." மகேஸ்வரியை நோக்கிக் கையை நீட்டினாள். "அண்ணி, அவன இங்க குடுங்க. அது போறதுக்குள்ள குடுங்க."

மகேஸ்வரி ஒரு கணம் நின்றார். அந்த ஒரு கணத்தில் அவர் என்ன நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பி வந்து குழந்தையை வினிதாவின் மடியில் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் அவள் முதுகில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார். கவின்ராஜ் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனான். வினிதா போர்த்திக்கொள்ளவும் மறந்துவிட்டாள். கண்ணீர் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. எதையோ கடந்து போக விடுகிறவள் மாதிரி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு மூச்சுவிட்டாள். குழந்தை முதலில் அவசரமாகவும், பிறகு நிதானமாகவும் விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவள் தோள்கள் இறங்கின.

"போச்சு," என்றாள். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மகேஸ்வரியிடம் திரும்பினாள். "அண்ணி, இவன் எங்கூடவே இருக்கட்டுங்க. நாள் முழுக்கக் குடுக்க என்னால ஆகாது. பாதி நேரம் நீங்க புட்டில குடுங்க. கொஞ்ச நாள் இங்கயே இருங்களேன்."

மகேஸ்வரி குழந்தையின் குல்லாவைக் கழற்றினார். "கார அனுப்பிச்சுட்டு வாறேன்," என்று எழுந்து போனார். வெகு நேரம் வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

அப்போதும் ஷாரன் அக்கா மூலையில்தான் நின்றுகொண்டிருந்தார். கமலம்மாள் அவருடைய இடது கையில் ஒரு கிண்ணம் களியைத் திணித்தார். அவர் நின்றபடியே அதைச் சாப்பிட்டு முடித்தார். வெளியே வந்ததும், "அடுத்தது எங்கக்கா?" என்று கேட்டேன். "அக்ரஹாரம். இரட்டைக் குழந்தை. ரெண்டும் ஒரே பக்கம்தான் குடிப்பேன்னு அடம் பண்ணுதாம்," என்றார். அவ்வளவுதான். நான் பார்த்த நாடுகளில் பெரிய காரியங்களைப் பெரிதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் நிறைய இருந்தார்கள். ஒன்றைச் சரியாகப் பார்த்துவிட்டு, முன்னால் தவறாகச் சொன்னதையும் ஒத்துக்கொண்டு, அதற்குப் பிறகு மூலையில் போய் நின்றுகொள்ளத் தெரிந்த ஒருவரை நான் அங்கெல்லாம் சந்திக்கவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் நான்தான் ஸ்கூட்டர் ஓட்டினேன். கை இன்னும் வலிக்கிறது என்று அக்கா சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை.

வினிதாவுக்கு அது நின்றுவிடவில்லை. கடைசியாக நாங்கள் போனபோது, குழந்தைக்குப் பெயர் வைப்பது பற்றி வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. தன் தாத்தா பெயரான நஞ்சுண்டசாமியைத்தான் வைக்க வேண்டும் என்று கவின்ராஜ் நின்றான். வினிதா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விரலை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"உங்க தாத்தா பேர வெக்கறதுன்னா நீங்களே போயி பெத்துக்கிட்டு வந்திருக்கோணும். இவன நாளைக்கு ஸ்கூல்ல..." சட்டென்று நிறுத்தினாள். "இருங்க. வருது."

கவின்ராஜ் வாயை மூடிக்கொண்டான். மகேஸ்வரி டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். கமலம்மாள் சமையலறையில் கரண்டியைக் கீழே வைத்தார். ஷாரன் அக்கா அவளைக்கூடப் பார்க்காமல் எடை பார்க்கும் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். வினிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"போச்சா கண்ணு?" என்று உள்ளேயிருந்து கமலம்மாள் கேட்டார்.

"போச்சுங்க அத்த." கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கணவனிடம் திரும்பினாள். "எங்க விட்டேன்? ஆங். ஸ்கூல்ல நஞ்சுண்டசாமின்னு கூப்புட்டா எவன் திரும்பிப் பாப்பான், நீங்களே சொல்லுங்க."